குதிக்காலில் இல்லாத கண்ணாடி

காலை ஆறு பத்துக்கு மகள் உள்ளே இன்னும் கண்ணாடி குத்துகிறது, குதிக்காலை நிலத்தில் வைக்க மாட்டேன் என்று கத்தினாள். கண்ணாடி வெட்டிய காயம் ஆறி மூன்று மாதமாகிறது, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. கிண்டிப் பார்க்க ஊசியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அந்த மணத்தோடு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் சிறுவனாக இருந்த வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

குண்டு வெடித்து எங்கள் ஜன்னல்கள் நொறுங்கிய வருடம் அது. "இஞ்சேரும், கண்ணாடித் துண்டொண்டு இன்னும் காலுக்குள்ள கிடக்குது," என்று அம்மாவைக் கூப்பிடுவார் அப்பா. அம்மா கிழமைக்கொரு தரம் ஊசியால் கிண்டுவார், இரத்தம்தான் வரும். "அப்பா நடிக்கிறார்," என்று நான் சிரித்தேன். சாகும்வரை அவர் நொண்டினார்.

மகளும் அப்படியே ஆகிவிடுவாளோ? ஊசி முனையைக் குதிக்காலில் வைத்தேன், அலறினாள்.

அலறல் கேட்டு, மேல்மாடியில் இருக்கும் பிசியோதெரபி அக்கா ஓடிவந்தார். "கிண்டாதேங்கோ தம்பி! காயம் ஆறிட்டுது. பயந்துபோன நரம்பு இன்னும் அடங்கேல்லை. மெல்ல மெல்ல நடக்கப் பழக்குவம். ஆனா ஒண்டு, அவளுக்கு நோகிறது உண்மை."