கிளேஸ் வாளிக்கு அள்ளிய தண்ணீர்

கடற்கரைக் குருநகரில் மீன்பிடிக்கும் யாகோப்புவின் மகன் கிறிஸ்துநாயகம் இரசாயனவியலில் பட்டம் பெற்று வீட்டுக்கு வந்தபோது, தான் என்ன படித்தான் என்பதை வீட்டில் ஒருவருக்கும் விளங்கவைக்க அவனால் முடியவில்லை.

"மருந்து செய்யிற படிப்போ?" என்று தாய் செபஸ்தியம்மா கேட்டாள்.

"இல்லையம்மா."

"அப்ப சவுக்காரமோ?"

அதுவும் இல்லையென்றான். வலையில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிக்கொண்டிருந்த யாகோப்பு, "விடப்பா, கேட்டுக் கேட்டு அவனுக்கே ஐமிச்சம் வந்திடப் போகுது" என்றார். அந்தச் சந்தேகம் அவனுக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது. அவர்கள் பரம்பரையில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் அவன். போய் வந்த பிறகு கடலுக்கும் போகமுடியவில்லை, கந்தோர் வேலைக்கும் போகமுடியவில்லை. விண்ணப்பம் எழுதுவதும் கோயில் வளவில் உட்கார்ந்திருப்பதுமாகக் காலம் போனது.

எழுபத்துமூன்றாம் ஆண்டு அச்சுவேலிப் பக்கம் ஒரு சிறிய மட்பாண்டத் தொழிலகத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. தேநீர்க் குவளையும் ஊறுகாய்ச் சாடியும் செய்கிற இடம். பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினான். மேலாளர் சோமசேகரம் முதல் நாளே அவனைச் சூளையடிக்குக் கூட்டிப்போய், காலியான தகரப் பீப்பா ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"தம்பி, உங்கடை படிப்புக்கு வேலை இதுதான்."

சுட்ட மண்ணின்மேல் கண்ணாடிபோலப் படிகிற பூச்சை அங்கே எல்லோரும் கிளேஸ் என்றுதான் சொன்னார்கள். அது உருகுவதற்கு இங்கிலாந்திலிருந்து வரும் ஒரு வெள்ளைப் பொடி வேண்டும். செங்கல் சூளையைவிட மிகக் கூடிய, ஆனால் பெரிய பீங்கான் தொழிற்சாலைகளின் சூட்டை எட்டாத நடுத்தரமான சூடு அவர்களுடைய சூளைக்கு. அந்தச் சூட்டில் மற்றக் கற்பொடிகள் தாமாக உருகா. இங்கிலாந்துப் பொடிதான் அவற்றை இளக்கி இழுத்துக்கொண்டு போகும். இறக்குமதி நின்றுபோன காலம் அது. ஒரு துண்டு பாண் சாப்பிடவே வரிசையில் நின்றவர்கள் பொடிக்கு எங்கே போவார்கள்?

கிறிஸ்துநாயகம் தன் பழைய பாடக்குறிப்புகளைப் புரட்டினான். அந்தப் பொடி அடிப்படையில் ஒரு வகைக் கண்ணாடிதான். அப்படியானால் போத்தல் கண்ணாடியை அரைத்துப் போட்டாலென்ன?

"போத்திலை அரைச்சுக் கப்பிலை பூசப் போறீரோ?" சோமசேகரம் பதறினார். "குடிக்கிறவன் செத்தால் ஆர் மறுமொழி சொல்லுறது?"

"உருகினாப் பிறகு அது போத்தில் இல்லைச் சேர்."

கண்ணாடியை இடிக்கப் பலமுள்ள கை வேண்டும். அதுவரை கிளேஸ் கலக்கியவள் நாகேஸ்வரி, அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் பெண். அவளைக் குவளை தோய்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டு, விறகு கொத்திக்கொண்டிருந்த ஏரம்புவைக் கலக்கும் வேலைக்குக் கிறிஸ்துநாயகமே கேட்டு எடுத்தான். ஏரம்புவுக்கு ஐம்பது வயதிருக்கும். மற்றவர்கள் அவரை 'ஏரம்பு, இஞ்சை வா' என்று கூப்பிட, கிறிஸ்துநாயகம் மட்டும் 'ஏரம்பண்ணை' என்றான். முதல் தடவை ஏரம்பு திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்தார்.

சோடாப் போத்தல்களைச் சாக்கில் கட்டி, இரும்புலக்கையால் இடிக்கும்போது ஏரம்புவின் முகம் மலர்ந்திருக்கும்.

"உதை உடைக்க எனக்கு நல்ல விருப்பம் ஐயா. ஒரு காலத்திலை கடையிலை எனக்குத் தேத்தண்ணி உந்தப் போத்திலிலைதானே ஊத்தித் தந்தவங்கள். பேணி மற்ற ஆக்களுக்கு." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று கிறிஸ்துநாயகத்துக்குத் தெரியவில்லை.

போத்தல் கிளேஸ் உருகியது. ஆனால் ஆறியதும் நூல்நூலாக வெடித்து, அந்த வெடிப்புகளில் தேநீர்ச் சாயம் ஏறியது. மண் சுருங்குவதைவிடக் கண்ணாடி கூடுதலாகச் சுருங்குகிறது என்று கண்டான். பருத்தித்துறைக்கு அப்பால் மணற்காட்டிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து, மாவாக அரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தான். வெடிப்பு நின்றது. வெளியூர்ச் சுண்ணத்தூளுக்குப் பதில் ஊர்ச் சுண்ணக்கல்லின் தூள். எல்லாம் சிறு சிறு ஓட்டுத் துண்டுகளில் பூசிச் சுட்டுப் பார்த்த பரீட்சைகள். வீட்டுக்குப் போனபோது ஒரு துண்டைத் தாயிடம் கொடுத்தான். அவள் அதை விரலால் தடவி, "வழுக்குது" என்றாள். தன் படிப்பு என்னவென்று ஒருவருக்கு விளங்கியதாக அன்று முதன்முதலாக அவனுக்குத் தோன்றியது.

பிறகு பருத்தித்துறைத் தேநீர்க்கடைக்காரர் ஒருவரிடமிருந்து பெரிய ஓடர் ஒன்று வந்தது. கடைக்கும் கலியாண வீடுகளுக்குமாகக் குவளை வேண்டுமாம். சோமசேகரம் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"இது சரிவந்தால் நாங்கள் தப்பினம். சரிவராட்டில் கேற்றைப் பூட்டச் சொல்லி முதலாளிமார் சொல்லிப்போட்டினம். விளங்குதோ?"

நன்றாகவே விளங்கியது. பூட்டினால் அவன் மறுபடியும் கோயில் வளவுக்குத்தான் போகவேண்டும்.

சூளை திறந்த காலை எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். குவளைகளில் கிளேஸ் பரவாமல், எண்ணெய்ச் சட்டியில் விழுந்த தண்ணீர்போல விலகித் திரண்டு நின்றது. இடையிடையே வெறும் மண், சொறி பிடித்த தோல்மாதிரி. ஒரு குவளைகூடத் தேறவில்லை.

கைப்பிசுக்கு பட்டால் கிளேஸ் ஒட்டாது என்று அவன் படித்திருந்தான். தோய்க்கும் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக்கூடாது என்று சொன்னான்.

"உதென்ன சேர் புதுச் சட்டம்?" என்றாள் நாகேஸ்வரி. "எண்ணெய் வைக்காமல் ஒழுங்கையாலை வந்தால் சனம் செத்தவீடோ எண்டு கேக்கும்."

ஆனாலும் எண்ணெய் இல்லாமல்தான் வந்தார்கள். அடுத்த சூளையும் அப்படியே. தூசி என்று நினைத்து ஒவ்வொரு குவளையையும் துடைக்கவைத்தான். அதுவும் உதவவில்லை. ஒவ்வொரு பொடியாக மாற்றிப் பார்த்தான். விசித்திரம் என்னவென்றால், தன் அறையில் சிறு கிண்ணத்தில் அவன் கலந்து பூசிய துண்டுகள் அதே சூளையில், அதே தட்டில் பளபளவென்று வந்தன. வாளியில் கலந்தது மட்டும் பிழையாக வந்தது.

"வேறை என்ன? உவன் ஏரம்பு நிறுக்கிறதிலைதான் பிழை" என்றார் சோமசேகரம்.

கிறிஸ்துநாயகம் அதை நம்பவில்லை. ஆனாலும் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தான். தராசு முள் நேராக நிற்கும்வரை ஏரம்பு காத்திருந்தார், ஒரு சிட்டிகை எடுத்தார், ஒரு சிட்டிகை போட்டார். எல்லாம் சரி. தண்ணீர் விட்டுக் கலக்கியபோது மட்டும் கிளேஸ் தயிர்போலக் கட்டிப்பட்டது. மோர்ப் பதம் வரவேண்டும் என்று அவன் சொல்லியிருந்ததால் ஏரம்பு மேலும் மேலும் தண்ணீர் விட்டார்.

"என்னைத்தான் பாக்கிறியளோ ஐயா?"

"இல்லை அண்ணை. கிளேஸைத்தான்."

"பாருங்கோ. ஆனால் பக்கத்திலை நிண்டால் எனக்கு நிறுவை தப்பிப்போகும்."

ஆவணி வெயிலில் ஒருநாள் குடிதண்ணீர்ப் பீப்பா வந்துசேரவில்லை. பொறுத்துப் பார்த்த நாகேஸ்வரி, வெயிலில் வெளியே போய் அள்ளச் சோம்பி, தொழிலகத்தின் பின்கிணற்றுத் தண்ணீரிலேயே எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். சோமசேகரம் ஒரு மிடறு குடித்துவிட்டு வாசலில் துப்பினார்.

"என்ன பிள்ளை இது, ஒரே உவர்! பாலும் திரைஞ்சு போச்சு!"

பெண்களும் முகத்தைச் சுளித்துக் கொட்டினார்கள். கிறிஸ்துநாயகம் தன் குவளையைப் பார்த்தான். அதில் அடிமண்டிதான் மிச்சம். விறகுக் குவியலடியில் ஏரம்புவும் தன்னுடையதைக் குடித்து முடித்திருந்தார்.

"சேருக்கு ஒண்டும் தெரியேல்லையோ!" நாகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "குருநகர் ஆளுக்குக் கடலை மொண்டு குடுத்தாலும் தேத்தண்ணிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நின்றான். பிறந்ததிலிருந்து உவர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு அவனுடையது. வேலைக்கு வந்த முதல் வாரமே அந்தக் கிணற்றில் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணீர் என்று நினைத்தவன் அவன். கல்லின் பொடியையும் மணலையும் கண்ணாடியையும் சந்தேகித்தவன் தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை. உப்புப் பட்டால் நுண்ணிய தூள் கட்டிப்படும். கட்டிப்பட்டதை இளக்கத் தண்ணீரைக் கூடுதலாக விட்டால் பூச்சு காயும்போது சுருங்கிப் பிளக்கும். பிளந்தது சூட்டில் விலகிப்போகும். இது அவன் பல்கலைக்கழகச் சோதனையில் எழுதிச் சித்தியடைந்த பாடம். அறையில் அவன் கலந்தது தங்கியிருந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில், ஏரம்பு வாளியில் கலந்தது இந்தப் பின்கிணற்றுத் தண்ணீரில்.

"நாகேஸ்வரி, முந்தி நீர் கலக்கேக்கை எங்கை தண்ணி அள்ளினீர்?"

"முன்வீட்டு ஆழ்வாப்பிள்ளையற்றை கிணத்திலை."

அவன் நேரே விறகுக் குவியலடிக்குப் போனான்.

"ஏரம்பண்ணை, முன்கிணத்திலை ஏன் அள்ளேல்லை?"

ஏரம்பு அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் பகிடி விடுகிறானா என்று பார்ப்பதுபோலிருந்தது.

"உங்களுக்குத் தெரியாதே ஐயா? அதிலை நாங்கள் அள்ளக்கூடாதெல்லே."

அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததாலேயே ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆழ்வாப்பிள்ளை வாழைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர். கையைக் கழுவிவிட்டு வந்து அவனுக்கு உட்காரக் கதிரை போட்டார்.

"தண்ணி எவ்வளவும் அள்ளுங்கோ தம்பி. கடவுள் தந்தது. ஆர் அள்ளுறது எண்டதுதான் கதை." பிறகு, "தம்பி குருநகரோ?" என்று கேட்டு அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நீங்கள் அள்ளலாம், பறுவாயில்லை."

அந்தக் கொஞ்சநேரத்தில் தன்னில் எதை அவர் நிறுத்துப் பார்த்தார் என்பது கிறிஸ்துநாயகத்துக்கு விளங்காமலில்லை. அப்படியும் "பெரிய உதவி" என்று சொல்லிவிட்டு வந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் அவன் வாயில் கிடந்தது.

அடுத்த நாட்களில் அவனே காலையில் தண்ணீர் அள்ளினான். "பட்டதாரி துலாவாலை தண்ணி அள்ளுறார், பாருங்கோவன்" என்று ஒழுங்கையில் போனவர்கள் சொன்னார்கள். ஏரம்பு அந்தத் தண்ணீரில் கலக்கினார். கிளேஸ் மோர்போலவே நின்றது. ஆனால் சூளை அடுக்குவதற்கு முன்பே ஆழ்வாப்பிள்ளை வாசல் படலையடியில் வந்து நின்றார். அவர் குரல் உயரவில்லை.

"தம்பி அள்ளுறது சரி. அந்த வாளி பகலிலை ஆற்றை கையிலை நிக்குது? கிணத்துக்கை இறங்கிறது வாளிதானே."

அன்று பின்னேரம் சோமசேகரம் அவனை உட்காரச் சொன்னார்.

"தம்பி, நான் கூடாதவன் இல்லை. வேறை வாளி எண்டாலும் ஆழ்வாப்பிள்ளை விடார். ஆனால் இத்தினை சீவன் இதிலை சாப்பிடுது. நாகேஸ்வரி பழையபடி கலக்கட்டும். ஏரம்பு குளத்திலை களிமண் வெட்டட்டும். போத்திலை நான் மில்லிலை குடுத்து அரைப்பிக்கிறன். அவனுக்கு நீர்தான் சொல்லவேணும், உம்மிலை அவனுக்கு மதிப்பு."

'அப்படியென்றால் நானும் அள்ளமாட்டேன்' என்று ஒரு வார்த்தை கிறிஸ்துநாயகத்தின் தொண்டைவரை வந்தது. மாரி வந்தால் மழைத் தண்ணீரைப் பிடிக்கலாம் என்றும் நினைத்தான். மாரி வரும்வரை பருத்தித்துறைக்காரர் காத்திருக்கமாட்டார். கேற் பூட்டப்படும். அவனுக்குக் குருநகர் தெரிந்தது, கோயில் வளவு தெரிந்தது, விண்ணப்பக் கடதாசிகள் தெரிந்தன.

"சரி சேர்" என்றான்.

ஏரம்பு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பிழையாய் நிறுத்தனானோ ஐயா?"

"இல்லை அண்ணை. உங்கடை நிறுவையிலை பிழை இல்லை. தண்ணியாலைதான்."

"ஓ, தண்ணியாலையோ." ஏரம்பு தட்டைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப சரி. அது பழசு."

அந்தச் சூளையில் எல்லாக் குவளைகளும் தேறின. முகம் தெரியும் பளபளப்பு. சோமசேகரம் அவன் முதுகில் தட்டினார். பெண்கள் கைதட்டினார்கள். நாகேஸ்வரி மட்டும் ஒரு குவளையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வடிவுதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏரம்பு அன்று குளத்தில் நின்றார். மாரியில் களிமண் வெட்டி நனைந்து நெஞ்சுச்சளி பிடித்தது. தை பிறந்த பிறகு அவர் வரவில்லை. அவன் ஆள் அனுப்பிக் கேட்டான். தானே போகவில்லை.

கேற் எப்படியும் பூட்டப்பட்டது. எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கப்பலில் வெளிநாட்டுக் குவளைகள் மலிவாக வந்து குவிந்தன. ஊர்க் குவளையை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிறிஸ்துநாயகத்துக்கு உரும்பிராயில் விஞ்ஞான ஆசிரியர் வேலை கிடைத்தது. செம்மண் தோட்டங்களும் தேன்போன்ற கிணற்றுத் தண்ணீரும் உள்ள ஊர். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் களிமண் கலங்கலில் உப்புப் போட்டு, தூள் எப்படிக் கட்டிப்படுகிறது என்று காட்டுவான். காரணம் கேட்டால் சொல்வான். பாடம் முடிந்ததும் பாத்திரத்தைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பான்.

எண்பதாம் ஆண்டு ஒரு விடுமுறையில் அவன் ஏரம்புவின் வீட்டைத் தேடிப்போனான். ஏரம்பு சாக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மெலிந்து, இருமலோடு, ஆனால் அதே சிரிப்பு.

"ஐயாவோ! இராசமலர், ஐயாவுக்குத் தேத்தண்ணி போடு பிள்ளை."

மகள் கொண்டுவந்து கொடுத்த குவளை அவனுக்குத் தெரிந்த குவளை. கிளேஸ் விலகித் திரண்டு, நடுவே மண் தெரிய நின்ற முதல் சூளைக் கழிவு. கொட்டக் கொடுத்ததை ஏரம்பு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். மண் தெரிந்த இடங்கள் சாயமேறிக் கறுத்திருந்தன.

கிறிஸ்துநாயகம் ஒரு மிடறு குடித்தான். வாய் கரித்தது. உரும்பிராய்த் தண்ணீர் இந்தச் சில ஆண்டுகளில் அவன் நாக்கை மாற்றிவிட்டிருந்தது.

ஏரம்பு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் கரிக்குதோ ஐயா?"

"இல்லை அண்ணை. நல்லாயிருக்கு."

"ஓம், உங்களுக்கு அப்பவும் தெரியேல்லைத்தானே" என்றார் ஏரம்பு.

கிறிஸ்துநாயகம் மண்டிவரை குடித்து, குவளையை மெல்ல நிலத்தில் வைத்தான்.