முடியில்லாத இடது கை

இன்று ஜாசின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆன்ட்டி, என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இடது கையில மட்டும் முடியே இல்லையே. தோல் வியாதியா?"

"இல்ல ஆன்ட்டி. பழைய லாரி ஸ்பிரிங்ல நானே கத்தி செஞ்சேன். அரம் போட்டாலும் வழுக்குது, அவ்ளோ ஹார்ட். கூர் பார்க்கத்தான் கை முடிய வழிச்சேன்."

"அதுக்கு இவ்ளோவா?"

"சும்மா இருக்க முடியலலா. தினம் தீட்டுறேன், தினம் வழிக்கிறேன்."

"காய் வெட்டிப் பார்த்தியா?"

மூன்று வாரமாக அது மட்டும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, சட்டைகூட மாற்றாமல் ஒரு கேரட்டை வெட்டினேன். கத்தி அத்தனை தடிமன். கேரட் விறகு மாதிரி டப்பென்று பிளந்தது.

அப்போதிலிருந்து கல்லில் தேய்த்து மெலிதாக்குவதும் வெட்டிப் பார்ப்பதுமாக இருக்கிறேன். கேரட் தீர்ந்துவிட்டது. வலது கையில் முடி இன்னும் இருக்கிறது.

யாராவது சீக்கிரம் கேரட் வாங்கி வாருங்கள்.