சாரம்மாள் ஓடவிட்ட ஆறு

சாத்தான்குளம் சாரம்மாளுக்குப் பாடமெல்லாம் அத்துப்படி. நாலு பேர் முன்னால் நின்றால் மட்டும் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாளையங்கோட்டைக்கு உபாத்தியாயினிப் பயிற்சிக்கு வந்தவளுக்கு இதைவிடப் பொல்லாத வியாதி வேண்டுமா? 1912-ல் கடைசிப் பரீட்சை வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் முன்னிலையில், ஆளுக்கொரு பாடத்தைச் சக மாணவிகளுக்கு நடத்திக் காட்ட வேண்டும். தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். அவளுக்கோ உபாத்தியாயினி ஆகியே தீர வேண்டும்.

அவளுக்கு வந்த பாடம் தாமிரபரணி. மற்றவர்கள் சுவரில் படத்தை மாட்டி, கோலால் தொட்டுத் தொட்டு ஒப்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாளுக்குக் கொட்டாவி வந்தது. பாவம், எனக்கென்றால் தூக்கமே வந்திருக்கும்.

சாரம்மாள் ஒரு தந்திரம் செய்தாள். தான் வாய் திறக்காமல் ஆற்றையே பேசவைப்பது! குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். தோழிகளை ஆற்றங்கரை ஊர்களாக வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு செம்பு கொடுத்தாள். குடம் கைமாறி வரும். ஒவ்வொருத்தியும் ஒரு செம்பு மொண்டுகொண்டு தன் ஊர்ப் பாசனத்தைச் சொல்ல வேண்டும். மிச்சம், கடைசியில் கடலாக வைத்த அண்டாவுக்கு.

வினை எங்கே என்றால், அவரவரைச் சொந்த ஊராகவே நிறுத்திவிட்டாள். அம்பாசமுத்திரத்து எலிசபெத் செம்பில் மொண்டதோடு நிற்காமல், பக்கத்து வாளியை இழுத்து அதிலும் ஊற்றிக்கொண்டாள். "எங்களுக்கு வயக்காடு கொஞ்சமாவா கெடக்கு?" என்றாள். சேரன்மகாதேவிக்காரி விடுவாளா? அவளும் ஒரு பானையைத் தேடிப் பிடித்தாள். குடம் ஸ்ரீவைகுண்டத்துச் சாலோமியிடம் வந்தபோது, கவிழ்த்துப் பார்த்தும் சொட்டு விழவில்லை.

"ஏட்டி, நாங்க மண்ணையா திங்க?" என்று சாலோமி நிஜமாகவே கத்தினாள். எலிசபெத் பதிலுக்கு எகிறினாள். பாடம் வாய்க்கால் சண்டையாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு!

அப்போதுதான் சாரம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆற்றுத் தண்ணீர் எட்டிப் பார்க்காத செம்மணல் தேரிக்காட்டில் பிறந்தவள் அல்லவா!

"நிறுத்துங்கட்டி! நீங்க செம்புத் தண்ணிக்குச் சண்ட போடுதிய. எங்கூருல சண்ட போடக்கூட வாய்க்கால் கெடையாது! மேல இருக்கவளே மொண்டுக்கிட்டு இருந்தா கீழ இருக்கவ எங்க போவா? அணை எதுக்குக் கட்டுனாவ, மடை எதுக்கு வச்சாவ? சொல்லுதேன், கேளுங்க!"

பொதிகை மலையில் தொடங்கினாள். எந்த அணை, எந்த வாய்க்கால், எந்த ஊர் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று மடமடவென்று வந்து விழுந்தது. கையை வீசி, குரலை உயர்த்தி, கரும்பலகைப் பக்கமே திரும்பாமல் பேசினாள். எலிசபெத் சத்தமில்லாமல் தன் வாளித் தண்ணீரைச் சாலோமியின் செம்பில் ஊற்றினாள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

"போதும் சாரம்மாள், தேறிவிட்டாய். உட்கார்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

சாரம்மாள் உட்காரவில்லை.

"அதெப்படிம்மா? சீவலப்பேரியில சித்தாறு இன்னும் நம்ம ஆத்தோட வந்து சேரலையே!"