முடிச்சுக்கு அந்தப் பக்கம் ஊதா

என் வீட்டுக்காரரைப் பெயிண்ட் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஷேடு அண்ணன்’தான். சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த நகத்தளவு சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், ஜன்னலோரம் நின்று இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார். பிறகு வெள்ளை டப்பாவைத் திறந்து, இந்தச் சாயத்தில் நாலு சொட்டு, அதில் ஒரு சொட்டு என்று விட்டுக் கலக்குவார். பூசிக் காய்ந்தபின் எது பழைய சுவர், எது புதுப் பூச்சு என்று வீட்டுக்குச் சொந்தக்காரரே தடவிப் பார்த்தால்தான் தெரியும். முதலாளி கம்ப்யூட்டர் மிஷின் வாங்கிப் போட்ட பிறகும், அது கைவிரித்த கலரெல்லாம் இவர் மேசைக்குத்தான் வரும். இருபத்தாறு வருடம் அப்படி ஓடியது. அந்தப் பெருமை அவர் தலைக்குக் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

சிகரெட்டை விட்ட வருடம் அவர் கை சும்மா இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. போனில் வீடியோ பார்த்துக் குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். முதலில் பின்னியது எதற்கும் உதவாத ஒரு நீளப் பட்டை. “என்னங்க இது, பூனைக்கு மஃப்ளரா?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஊசியை மட்டும் கீழே வைக்கவில்லை. மேசைவிரிப்பு, பை, கைப்பிடி உறை என்று போய்க்கொண்டே இருந்தது. கடையில் டப்பாவைக் குலுக்கும் மிஷின் ஓடுகிற நேரத்தில்கூட நாலு தையல் போட்டுவிடுவார்.

போன வருடம் கடைக்கு டப்பாக்கள் திரும்பி வர ஆரம்பித்தன. “சுவர்ல திட்டுத் திட்டாத் தெரியுதுங்க” என்றார்கள். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சுவர் ஈரம், பல்பு மஞ்சள், பூசினவனுக்குக் கை சரியில்லை என்று பழியெல்லாம் ஊரார் மேல்தான். ஒரு நாள் முதலாளி மெதுவாக, “அண்ணே, கொஞ்ச நாளைக்கு மிஷின்லயே போட்டுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து, “என் மேசையை எடுத்துட்டா எனக்கு அங்க என்ன வேலை? டப்பா தூக்கவா?” என்று கத்தினார். டாக்டரிடம் கண்ணைக் காட்டிக்கொண்டு வரலாம் என்று வாயெடுத்தேன். “என் கண்ணைப் பத்தி மட்டும் பேசாத” என்று எழுந்து போய்விட்டார்.

நான் சும்மா இருக்கிற ரகம் இல்லை. துண்டை எங்கே போட்டார், குழாயை ஏன் மூடவில்லை என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். டப்பாக்கள் திரும்பி வரத் தொடங்கிய சமயத்தில்தான் சமையலறையில் குழாய் மாற்றச் சுவரை உடைத்திருந்தோம். உடைத்த இடத்துக்கு இவரே வெளிர்நீலம் கலந்து வந்து ஆசையாகப் பூசினார். காய்ந்ததும் பார்த்தால் ஒரு பச்சைச் சதுரம், ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. “எப்படி இருக்கு?” என்றார். “நல்லா இருக்கு” என்றேன்.

இந்த நிலையில் மகளுக்குக் குளிர் ஊரில் வேலை கிடைத்தது. அப்பா கையால் ஒரு குல்லா வேண்டும் என்று நூலை அவளே தபாலில் வரவழைத்தாள். ஒரே உருண்டையில் மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகி, ஊதாவாகி, கடைசியில் ரோஜா நிறத்தில் முடிகிற நூல். “நான் பாக்கற வேலையை ஃபேக்டரியிலயே பாத்துட்டானா?” என்று முதலில் முறைத்தார். பிறகு நூலை இழுத்து இழுத்துப் பார்த்து, “எங்க மாறுது, கண்டுபிடி பாக்கலாம்” என்று என்னிடமே சவால் விட்டார். எனக்கும் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக மாறியது.

விரலில் நூலைச் சுற்றி ஒரு வளையம், அதில் ஆறு தையல். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. உச்சந்தலை ஒரு தட்டளவு விரிந்ததும் கூட்டுவதை நிறுத்தி நேராக இறங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியிலிருந்து குரல் கொடுத்தார்.

“அநியாயத்தைப் பாரு. புது நூலுக்கு நடுவுல முடிச்சு! அறுந்ததைக் கட்டி வித்துருக்கான்.”

“முடிச்சுக்கு அந்தப் பக்கம் கலர் மாறிப் போயிருக்கப் போகுதுங்க, நல்லாப் பாருங்க” என்றேன் அடுப்படியிலிருந்து.

“எனக்கே சொல்றியா? வெயில்ல வச்சுப் பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே கலர்தான்.”

மீதியைக் கடையில் வைத்தே முடித்தார். வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவந்து மகள் தலையில் மாட்டினார். அவள் கண்ணாடி முன்னால் ஓடினாள்.

“அப்பா, இந்த எடம் சூப்பர்! பச்சை மெதுவா கரும்பச்சையாப் போயிட்டே இருக்கு, டக்குனு ஊதா! எப்படிப்பா தோணுச்சு?”

“எந்த எடம்?” என்றார் இவர்.

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். குல்லாவைக் கழற்றி விரலால் தொட்டுக் காட்டினாள். கத்தியால் கோடு கிழித்தது போல இருந்தது. நடுவில் வரவேண்டிய நீலம் முழுக்கக் காணாமல் போயிருந்தது. அவர் ஜன்னலுக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்பக்கம் நகத்தால் நெருடினார். முடிச்சு அதே இடத்தில்தான் இருந்தது.

“உனக்கும் தெரியுதா?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியுதுங்க.”

“அப்ப கடையில திரும்பி வந்ததெல்லாம்...”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தேற்றியிருப்பேன். மகள் குல்லாவை வாங்கி மறுபடி தலையில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் அவரே முதலாளியிடம் போய், “என் கண்ணு சரியில்ல. சரியாகற வரைக்கும் எங்கிட்ட கலர் குடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதர் தன் தப்பை ஒத்துக்கொண்டது அன்றுதான் என்று முதலாளி எனக்குப் போன் செய்து சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை என்றார். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளேறியதால், நிறம் மாறித் தெரிவது அவருக்கே தெரிந்திருக்காதாம். “அந்த நூல் மாதிரிதான்” என்று இவர் முணுமுணுத்தார். மேசை திரும்பக் கிடைக்குமா என்ற கவலையில் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

வலது கண்ணுக்கு முதலில் ஆப்பரேஷன் ஆனது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் குல்லாவைத்தான் கேட்டார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

“அடேயப்பா! இதையா ஒரே கலர்னு சொன்னேன்?” என்று வாய்விட்டுச் சிரித்தார். “குடும்மா, பிரிச்சு மறுபடி போட்டுத் தர்றேன்.”

“தொட்டீங்கன்னா பாருங்க” என்று மகள் பிடுங்கிக்கொண்டாள்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சைச் சதுரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“இது இத்தனை நாளா இப்படியேவா இருந்துச்சு?”

“ஆமாங்க.”

“துண்டுக்கும் குழாய்க்கும் அந்தக் கத்து கத்துவியே. இதை ஏன் சொல்லல?”

“உங்க முகத்தைப் பாத்துட்டுச் சொல்ல முடியல” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே சொல்லியிருந்தால் அத்தனை பேரிடம் அவர் சண்டை போட்டிருக்க வேண்டாம். அவர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, பழைய நீலச் சுவரோரத்தில் நகத்தால் ஒரு சில்லைப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இடது கண்ணும் ஆறிய பிறகு, கடையில் கலந்த ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். தூரிகையால் பச்சைச் சதுரத்தின் ஓரமாக ஒரு கோடு இழுத்தார். அது காயும்வரை இரண்டு பேரும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

“இப்ப சொல்லு. உண்மையைச் சொல்லணும்.”

கிட்டப் போய்ப் பார்த்தேன். தள்ளி நின்றும் பார்த்தேன். பிரமாதம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

“நீலம் ஒரு பொட்டு கூடிப்போச்சுங்க” என்றேன்.

அவர் சுவரையே பார்த்தார். பிறகு, “ஆமா, கூடிப்போச்சு” என்று சொல்லி டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.