நான் சொல்லாமல் போட்ட இரண்டு பனல்கள்

கடந்த மார்கழி முதலாம் திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. வாவிப் பக்கமிருந்து தூறல் அடித்துக்கொண்டிருந்தது. குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார்.

வெயிலில் மின்சாரம் எடுப்பவர்களுக்குப் பசுமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதைக் கம்பனிகள் விலைக்கு வாங்குகின்றன. ஒரு சான்றிதழுக்குத் தனி வீட்டின் மின்சாரம் போதாதென்பதால் எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகள் ஒன்றாக விண்ணப்பித்தோம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். கணக்கெல்லாம் என் பொறுப்பு. விண்ணப்பித்த பிறகு, புதிய குளிர்ப்பெட்டிக்காக கூரையில் இரண்டு சூரிய மின் பனல்களைக் கூடுதலாகப் போட்டேன். இரண்டுதானே என்று யாருக்கும் அறிவிக்கவில்லை.

அதிகாரி ஏணியிலிருந்து இறங்கினார். "ஐயா, நீங்க எழுதினது பத்து. மேல பன்னிரண்டு இரிக்கு."

"மறுகா, விண்ணப்பம் குடுத்த பிறகு போட்டது தம்பி. ரெண்டுதானே?"

"ஒரு வீடு பிழைச்சா ஆறும் பிழைதான் ஐயா. திரும்ப முதல்ல இருந்து போடோணும்."

பக்கத்து வீட்டு ரோசலின் மதிலுக்கு மேலால் கேட்டுக்கொண்டு நின்றார். சான்றிதழ்ப் பணம் தன் பனல் கடனுக்கு உதவும் என்று நம்பியிருந்தவர் அவர்.

"மாஸ்டர், எங்கட மரத்துத் தேங்காயையும் எண்ணுற மனிசன் நீங்க. உங்கட கூரைய எண்ணல்லயா?"

சிரித்துத்தான் கேட்டார்.

அங்கீகாரம் நான்கு மாதம் பிந்தியே கிடைத்தது. அதற்கு முந்திய மின்சாரத்துக்குச் சான்றிதழ் கிடையாது. அந்த இழப்பு ஆறு வீட்டுக்கும் என்னால் வந்தது. இப்போது ஒரு வயரை மாற்றுவதானாலும் மற்ற ஐந்து வீட்டுக்கும் சொல்லி, அலுவலகத்துக்கும் எழுதிய பிறகே ஆளைக் கூப்பிடுகிறேன்.

மறுபரிசோதனைக் கட்டணத்தை ஆறு வீட்டுக்கும் நானே கட்டினேன். ரோசலின் வேண்டாமென்று மறித்தும், அவருடைய நான்கு மாதத் தவணையையும் கட்டினேன். மொத்தம் எழுபத்தோராயிரத்து நானூறு ரூபா.