ராமெனுக்குச் சோறு கேட்டவர்கள்

போன வாரம் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். நான். என் நண்பன் மணி.

வராதவர்கள்? மணியின் மனைவி வித்யா வரவில்லை. பணம் அவளுடையது. அப்புறம், வாழ்க்கையில் ஒரு தடவையாவது ராமென் சாப்பிட்டவர் யாரும் வரவில்லை. அப்படி ஒருவர் எங்களுக்குத் தெரிந்த வட்டத்திலேயே கிடையாது.

அதனால்தான் மணி என்னைக் கூப்பிட்டிருந்தான்.

குழப்பமாக இருக்கிறதா? எனக்கு இன்னமும் அப்படித்தான் இருக்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன்.

மணிக்கு வீடு இங்கே, இந்த மலையாளத்து ஊரின் வலியசாலையில். அக்ரஹாரத்துப் பையன். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று விசேஷ வீடுகளுக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறான். சுத்த சைவம். பக்கத்து வீட்டுக்காரர் முட்டை வாங்கி வந்த பையைக்கூடக் கையில் வாங்கிக்கொள்ள மாட்டான். இவனிடம் கவடியார் பக்கம் ஜப்பானிய ஹோட்டல் நடத்தும் பிரவீண் என்பவர் வந்திருக்கிறார். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் பக்கம் இரண்டாவது கிளை போடப் போகிறாராம். பார்ட்னராகச் சேர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஹோட்டலில் ராமென்தான் விசேஷம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் — பெரிய கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க சூப், அதற்குள் நூடுல்ஸ், மேலே நறுக்கிப் போட்ட என்னென்னவோ. விலை? கோழி போட்டது நானூற்று எண்பது. சைவம் நானூற்று இருபது. 'ஒரிஜினல் ஜப்பான் ருசி, அதனாலதான் இந்த விலைக்கும் ஆள் வருது' என்பது பிரவீணின் வாதம்.

மணியிடம் ஆசை இருந்தது. பணம் வித்யாவிடம் இருந்தது. அவள் ஓர் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிறுகச் சிறுகச் சேர்த்த ஐந்து லட்சம். முழுவதையும் கொடுக்கத் தயார்தான், ஆனால்...

"போய்ச் சாப்ட்டுட்டு வாங்கோ. நன்னா இருந்துதான்னு நான் கேக்கப் போறதில்லை. அது ஒரிஜினல்தானா? அந்த விலைக்குத் தகுமா? இது ரெண்டுக்கும் பதில் வேணும். காலம்பற அவருக்கு வாக்குச் சொல்லணுமே."

கோழி சூப்பை மணி தொட முடியாது. ஆகவே நாக்கு மட்டும் என்னுடையது.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன்? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து சாலைச் சந்தையில் மூட்டை தூக்கியவர். மருந்து அட்டையா, குக்கர் கேரண்டி கார்டா, கரண்ட் பில்லா — எது வந்தாலும், 'செல்வத்துக்கிட்ட காட்டு, அவன் படிச்சவன்லா.' இருபது வருஷமாக இதே பல்லவி. 'தெரியாது' என்று சொல்ல யாரும் எனக்கு வாய்ப்பே கொடுத்ததில்லை. வாய்க்கு அந்தச் சொல் பழகாமலே போய்விட்டது.

படித்தவன் என்ன செய்வான்? படித்தான். பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி ராத்திரி உட்கார்ந்து ராமென் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். உறிஞ்சும் சத்தம் வெளியே கேட்கும்படி சாப்பிடுவதுதான் மரியாதையாம். அந்த ஊர் சூப்புகளுக்கு ஆதாரமே ஒரு காய்ந்த மீனாம். கட்டை மாதிரி காய வைத்து, சீவிப் போடுகிறார்கள். அட, இது நம் மாசிக் கருவாடு அல்லவா? அம்மா தேங்காயோடு சேர்த்து இடிப்பாளே... எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தெரிந்த பாடத்திலிருந்து ஒரு கேள்வியாவது வந்திருக்கிறது.

ஹோட்டலில் மங்கலான வெளிச்சம். காகித விளக்குகள். பரிமாறியவர் மார்த்தாண்டத்துக்காரர், எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார். மணி நேராகவே கேட்டான்.

"இது ஒரிஜினலா இருக்குமா அண்ணாச்சி?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாவ. நான் குடிச்சதில்ல. நமக்குக் காலத்த புட்டும் பயறும் போதும் சார்."

கிண்ணங்கள் வந்தன. நான் வீடியோவில் கற்றபடி உறிஞ்சினேன்.

மணி சுற்றுமுற்றும் பார்த்தான். "டேய், என்னடா இது. எல்லாரும் நோக்கறா."

"அதுதான் மரியாதை. ஜப்பான்ல இப்பிடித்தான்."

"இது கவடியார், கேட்டியா."

ருசி எப்படி? நன்றாக இருந்தது. உப்பும் கொழுப்புமாக, தொண்டையில் இறங்கும்போது ஒரு கனம். ஒரிஜினலா? அதை எதோடு ஒப்பிடுவது? என் நாக்கு தன் பழைய ஞாபகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தது. அதற்குக் கிடைத்தவை ஆட்டுக்கால் சூப்பும் இரண்டு நிமிஷ நூடுல்ஸும்தான்.

மணி தன் சைவக் கிண்ணத்தை ருசித்துவிட்டுக் கண்ணை மூடினான். சமையல்காரன் கண்ணை மூடினால் ஏதோ தீர்ப்பு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா பிடி கிடைக்கலைடா. சாதத்துல விட்டுப் பார்த்தாத்தானே எதுவுமே தெரியும்."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. சத்தியமாக அது எனக்கு நியாயமான யோசனையாகத்தான் பட்டது. குழம்பாகட்டும், ரசமாகட்டும், சோற்றில் விட்டுப் பிசைந்து பார்க்காமல் அதன் யோக்கியதையை எப்படிச் சொல்வது?

"ரெண்டு சாதம்," என்றான் மணி.

"சாதமா... இதுக்கா?" மார்த்தாண்டத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் படித்தவன் போலத் தலையசைத்தேன். கொண்டு வந்தார்.

பிசைந்தோம். ஸ்பூனால்தான், ஆனாலும் பிசைந்தோம். சோற்றோடு சேர்ந்ததும் அந்த சூப் ஏதோ பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது. சூப் தீர்ந்தது. பந்தியில் கையைத் தூக்குவது போல மணி கையைத் தூக்கினான். "இங்க கொஞ்சம் விடுங்கோ." வந்தது. எனக்கும் வந்தது. மறுபடியும் மணிக்கு வந்தது. யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. இரண்டாவது தடவை ரசத்துக்கு நம்மில் யார் காசு கொடுத்திருக்கிறோம்?

அப்போதுதான் மணி சொன்னான், "கம்பேர் பண்ணணும்னா ரெண்டும் தெரியணுமே. இதையும் ஒரு வாய் பாரு." வேறொரு ஸ்பூனில் தன் கிண்ணத்திலிருந்து எடுத்து, எச்சில் படாமல் நீட்டினான்.

வாயில் விட்டேன். மாசி.

மாசிதானா? அம்மா இடிக்கும்போது வருமே, அதே புகை வாசனை... ஒரு நொடி வந்தது, போய்விட்டது. ஒருவேளை வீடியோவில் பார்த்ததால் தோன்றுகிறதோ? கிண்ணத்தில் மிதந்த காளானுக்கும் இப்படி ஒரு வாசனை உண்டோ? சொல்லலாமா, வேண்டாமா? சொல்லாமல் விட்டால் அவன் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். சொல்லிவிட்டு இல்லையென்றால்? நல்ல சாப்பாட்டைக் கெடுத்த பாவம்.

"மணி, இதுல மீன் இருக்குமோன்னு தோணுது."

ஸ்பூன் பாதியில் நின்றது. "தோணறதா, இருக்கா?"

"தெரியல."

"நீதானேடா டேஸ்ட் பண்ண வந்தவன்?"

வீடியோ விஷயத்தைச் சொன்னேன். மணி ஸ்பூனைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்போ, இது ஒரிஜினலா இருந்தா... நான் இத்தனை நாழி மீன் சாப்ட்டிருக்கேன்."

"ஆமா."

"ஒரிஜினல் இல்லேன்னா?"

"அஞ்சு லட்சம் போடக் கூடாது."

எந்தப் பதிலுக்கு வேண்டிக்கொள்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிரவீணைக் கூப்பிட்டோம்.

நல்ல மனிதர். கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி வந்தார். "எங்ஙன உண்டு மணி சாரே? ருசியில்லே?"

"பிரவீண், இந்த வெஜ்ல மீன் உண்டா?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. சைவக்காரனுக்கு ஒரு பதில் வேண்டும். பார்ட்னருக்கு வேறு பதில் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மீனொண்ணும் இல்லா சாரே. உறப்பு, சத்தியம். வெஜ்ஜுக்குத் தனிப் பாத்திரம். கிச்சன்ல வந்து பார்த்துக்கோங்க."

மணி மூச்சு விட்டான். உடனே அடுத்த கவலை. "அப்போ ஒரிஜினல் இல்லை."

"ஒரிஜினல் தன்னே."

"ஒரிஜினல்னா மீன் வேணும்னு இவன் சொல்றான். படிச்சவன்."

பிரவீண் என் பக்கம் திரும்பினார். "சார் ஜப்பான்ல இருந்திட்டுண்டோ?"

"இல்ல. வீடியோ பாத்தேன்."

"நானும் போயிட்டில்லா," என்றார் அவர், ஒளிவுமறைவில்லாமல். அவரும் ஜப்பானைப் பார்த்ததில்லையாம்; துபாயில் வேலை பார்த்தபோது சாப்பிட்ட ருசியாம் இது. சமையல்காரர் டார்ஜிலிங்காரர். பெங்களூரில் யாரிடமோ கற்றுக்கொண்டவர். அந்த யாரோ ஜப்பான் போனவரா? "போயிருக்கும்," என்றார் பிரவீண்.

ஆக, அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரிஜினல் என்பது அங்கே இல்லாத இன்னொருவர் சொன்ன வாக்கு.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தென்காசிக்குப் போனால் என் சித்தப்பா மகன், 'நீ பேசுறது தமிழா மலையாளமால?' என்கிறான். இங்கே பஸ் ஸ்டாண்டில் நான் மலையாளம் பேசினால், 'தமிழ்நாடா?' என்று கேட்கிறார்கள். மணியின் தஞ்சாவூர் உறவினர்கள் அவன் வீட்டு சாம்பாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'இதுல ஏன் இத்தனை தேங்கா?' என்பார்களாம். எங்கள் இருவரையும் அந்த மேஜை மேல் வைத்து ஒருவர் ருசி பார்த்திருந்தால் என்ன தீர்ப்பு சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பிரவீண் போனதும் மணிக்கு நிம்மதி. மீன் இல்லை. மறுபடியும் கையைத் தூக்கினான். "இன்னும் கொஞ்சம் சூப்..."

மார்த்தாண்டத்துக்காரர் குனிந்து, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "சார், கூட வாங்குறதுக்குத் தனிக் காசு. ஒவ்வொண்ணுக்கும் நூத்தி இருவது. முதல்லயே சொல்லியிருக்கணும்."

மணியின் கை தானாக இறங்கியது. "ஓ. அப்போ வேண்டாம்."

பில் வந்தது. சோற்றுக்கும் காசு, சூப்புக்கும் காசு, வரியும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று வித்யாவுக்குப் போன் செய்தோம். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஒரிஜினல்தானா?" என்றாள்.

"செல்வா சொல்லுவான்," என்றான் மணி.

"சொல்ல முடியல வித்யா," என்றேன். மீன் கதை முழுவதையும் சொன்னேன்.

"செரி. விலைக்குத் தகுமா?"

"அதுவும்... நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நானூத்தி எம்பது..."

"பில் எவ்வளவு?"

மணி சொன்னான். அவள் கேட்டாள்: "ரெண்டு பேருக்கா?" பிறகு கூட வாங்கிய சூப்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். எப்போது வாங்கினோம், எப்போது நிறுத்தினோம்.

"அதுக்குக் காசுன்னு தெரிஞ்சதும் வேண்டாம்னு சொல்லிட்டேளா?"

"ஆமா," என்றான் மணி.

"அப்புறம் எதுக்குச் செல்வம் அண்ணாவைப் போட்டுப் படுத்தறேள்? உங்க கையே பதில் சொல்லிடுத்தே. ஓசின்னா மூணு தடவை, காசுன்னா வேண்டாம். நீங்களே வாங்காததுக்கு நான் அஞ்சு லட்சம் போடணுமா?"

போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை மணி பிரவீணிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவரும் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வேறு யாரோ கேட்டிருக்கிறார்களாம்.

வித்யாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டி இந்த வாரப் பத்திரிகைப் பத்தியை முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது மணி போன் செய்தான்.

"எங்க இருக்கே?"

"வீட்ல. ஏன்?"

"ஒண்ணுமில்லை... நேத்திக்கு ஒரு கல்யாண ஆத்துல ரசம் வெச்சேன். வெச்சுண்டிருக்கறப்போ அந்த சூப்பு ஞாபகம் வந்துடுத்துடா."

எனக்கும் வந்திருந்தது. சொல்லத்தான் வெட்கம்.

அதே மேஜை. அதே மார்த்தாண்டத்துக்காரர். இந்தத் தடவை சோறு கேட்கவில்லை. நான் உறிஞ்சினேன், மணியும் உறிஞ்சினான், கொஞ்சம் கூச்சத்தோடு. ஒரிஜினலா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கிண்ணம் காலியானது. மணி கையைத் தூக்கினான்.

"சார், கூட வாங்குனா —"

"தெரியும். நூத்தி இருபது. இவனுக்கும் ஒண்ணு விடுங்கோ."

அப்படியானால் அந்த விலைக்குத் தகும் என்று அர்த்தமா? வித்யாவின் கணக்கு தப்பா? மணி வேண்டாம் என்று சொன்னது தப்பா? நான் மறுபடியும் முதல் கேள்வியிலேயே நிற்கிறேன். வித்யா இந்தப் பக்கத்தை ஒரு வாரமும் விடாமல் படிப்பவள். அந்த இரண்டாவது நாளைப் பற்றி அவளுக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது. அவளே கூட்டிச் சரிபார்ப்பாள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: இரண்டு நாளும் சேர்த்து, வரி உட்பட, இரண்டாயிரத்து எழுநூற்று ஒன்பது ரூபாய்.