மூன்றாவது அடி

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. ஜப்பானில், கனசாவாவுக்கு வடக்கே, கணவாய் அடிவாரத்து ஊர் ஒன்றில், மெய்ஜி பேரரசர் காலத்தின் கடைசி வருஷங்களில் ஒரு டிசம்பர் மாதம் நடந்தது. ஓரியேக்கு அப்போது வயது முப்பத்து மூன்று.

அவளுடைய மாமனார் ராசெய் அந்த வட்டாரத்தின் கவிதை குரு. பதினோரு வருஷம் அவருக்கு மை அரைத்துக் கொடுத்தவள் ஓரியே. கேட்டுக் கேட்டே ஐந்து, ஏழு, ஐந்து என்று மூன்று அடிக் கவிதையின் அசைகள் அவள் விரல்களிலும் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரே ஒரு முறை, தான் எழுதிய கவிதையை அவர் முன்னால் வைத்தாள். கூடத்தில் சீடர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர் தாளை எடுத்துப் படிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார்.

"முள்ளங்கி ஊறுகாய் வாடை அடிக்குது, மருமகளே. ஜாடிக்குள்ளயே வெச்சு மூடு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மற்றவர்களின் சிரிப்பை அவள் மறந்துவிட்டாள். தன்னுடையதை மன்னிக்கத்தான் முடியவில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி மாலை நான்கு பத்துக்கு அவர் இறந்தார். சாகும் முன் கடைசியாக ஒரு கவிதை எழுதிவைப்பது அங்கே வழக்கம். ஒரு குரு அது இல்லாமல் போனால் வீட்டுக்கே தலைகுனிவு. மூன்று வாரமாகச் சீடர்கள் அதற்காகத்தான் வந்து வந்து போனார்கள். கடைசியில் படுக்கையருகே கிடந்த தாளில் இரண்டு அடிகள் மட்டும் இருந்தன.

பனி விழும் கிணறு—
வாளியோடு குனியும் முகம்

மூன்றாவது அடி இல்லை. கையெழுத்தும் இல்லை.

அவள் கணவன் தோகுஜிரோ கதவை இழுத்துச் சாத்தினான்.

"அப்பா எழுத்து உனக்குக் கைவந்ததுதானே. முடிச்சு வை. காலையில ஊரே வந்து நிக்கும்."

"நான் என்ன எழுதுறது?"

"அஞ்சே அசை. அதுக்கு ஒரு மாசம் யோசிக்கணுமா?"

அவள் யோசிக்கவே இல்லை. முதல் இரண்டு அடிகளைப் படித்தபோதே மூன்றாவது அவளுக்குள் இருந்தது. அவருடைய தூரிகையை எடுத்து எழுதினாள்.

ஆழத்தில் ஒரு வானம்

"கையெழுத்து?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அதுக்குள்ள உயிர் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

மறுநாள் சீடர்கள் அந்தத் தாளின் முன் விழுந்து அழுதார்கள். "மூணாவது அடிதான்யா குரு. மத்த ரெண்டும் வெறும் படிக்கட்டு" என்றார் ஒருவர். வசந்தம் வந்ததும் கல்லில் செதுக்குவது என்று அங்கேயே முடிவானது. ஓரியே தேநீர்க் கோப்பைகளோடு நின்றாள். உள்ளே ஏதோ குறுகுறுத்தது. துக்க வீட்டில் வரக் கூடாத சந்தோஷம் அது. கோரைப்பாய் முடையும் இசோகிச்சி, சீடர்களில் மூத்தவர், மட்டும் எதுவும் சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளை ராசெய்யின் அறையில் தொங்கவிட்டார்கள்.

டிசம்பர் பதினொன்று. மாலை நான்கு பத்து. அடுப்படியில் இருந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

சர்... சர்... சர்...

கல்லில் மை அரைக்கும் சத்தம். ஆனால் அரைக்கத் தெரியாத கை. அவசரமாக, முரட்டுத்தனமாக, அழுத்தி அழுத்தி. ராசெய் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தானே மை அரைத்ததில்லை.

போய்ப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. மைக்கல் ஈரமாக இருந்தது. மை கட்டி கட்டியாக நின்றது. தாளில், கவிதைக்குக் கீழே, புதிதாக இரண்டு கோடுகள்.

"எலியா இருக்கும்" என்றான் தோகுஜிரோ.

"எலி மை அரைக்குமா?"

"உங்க அம்மா ஊர் எலின்னா அரைக்கும்."

மறுநாள் அதே நேரம். இன்னும் சில கோடுகள். அதற்கு மறுநாளும். அவர் கையெழுத்துப் போடுகிறார் என்று ஓரியேக்குப் புரிந்தது. அப்படியென்றால் அவளுடைய அடியை ஏற்றுக்கொண்டுவிட்டார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்கு மணி ஆனால் அவள் கை வேலையை நிறுத்திவிடும். கடிதத்துக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

பத்தொன்பதாம் தேதி முதல் எழுத்து முழுதாகத் தெரிந்தது.

ராசெய்யின் எழுத்து இல்லை அது.

அவளுடையது.

இருபத்தேழாம் தேதி பெயர் முடிந்தது. ஓரியே. ஒரு கவிதைக்குக் கீழே தன் பெயரை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதலில் வந்தது பெருமை. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கவிதையை மறுபடி படித்தாள். வாளியோடு குனியும் முகம்... அந்த மனிதர் ஒரு நாளாவது வாளியைத் தொட்டிருக்கிறாரா? தினமும் விடியலில் அந்தக் கிணற்றில் குனிவது யார்?

முப்பதாம் தேதி, பெயருக்குப் பக்கத்தில் வயதும் வந்தது. கடைசிக் கவிதையில் வயதையும் எழுதுவார்கள்.

முப்பத்து நான்கு.

அவளுக்கு முப்பத்து மூன்று. அங்கே எல்லாருக்கும் ஒன்றாகப் புத்தாண்டுக் காலையில்தான் ஒரு வயது கூடும். இன்னும் இரண்டே நாள். அந்தக் காலையில், விடியும் முன், யாரோடும் பேசாமல் கிணற்றிலிருந்து முதல் நீர் எடுக்க வேண்டியவள் அந்த வீட்டுப் பெண்.

"இந்த வருஷம் முதல் தண்ணி நீங்க எடுங்க" என்றாள்.

"ஆம்பளை எடுத்தா ஊரே சிரிக்கும்."

"போய் அந்தத் தாளைப் பாருங்க."

போனான். திரும்பி வந்தபோது அவன் முகம் இறுகியிருந்தது.

"நீயே எழுதிக்கிட்டியா? பேர் வாங்க அவ்வளவு ஆசையா உனக்கு?"

ஆசை இருந்தது உண்மை.

"முதல் தண்ணி நீதான் எடுக்குற. அதோட இந்தப் பேச்சை விடு."

டிசம்பர் முப்பத்தொன்று. நான்கு பத்து.

சர்... சர்...

இன்று அறையிலிருந்து வரவில்லை.

கொல்லையிலிருந்து வந்தது.

கதவைத் திறந்தாள். கொல்லை முழுக்கப் பனி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. மதியம் அவளே மூடிய கிணற்று மூடி... திறந்திருந்தது.

கிணற்று விளிம்பில் மைக்கல்.

கிட்டே போனாள். மை வழவழப்பாக இருந்தது. ஒரு கட்டி இல்லை.

பழகிவிட்டார்.

அப்போது, காதுக்கு வெகு அருகில்...

"குனி."

அவள் ஓடினாள். வீட்டுக்குள் போகவில்லை. காலுறையோடு தெருவுக்கு ஓடினாள். தெருக்கோடியில் கணவாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்த கடைசிச் சறுக்கு வண்டியில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். தோகுஜிரோ ஆள் அனுப்பினான். அவள் போகவில்லை.

மார்ச் பதின்மூன்று. பனி உருகிய வழியில் இசோகிச்சி தேடிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"தான் செத்த நூறாம் நாள்தான் பிரிக்கணும்னு குரு என் கையில குடுத்திருந்தார். நேத்து பிரிச்சோம்."

உள்ளே ஒரு கவிதை. மூன்று அடியும் முழுதாக. ராசெய் என்ற கையெழுத்து. வயது எழுபத்திரண்டு. தேதி நவம்பர் இருபத்தெட்டு. அதில் கிணறும் இல்லை, வாளியும் இல்லை.

ஓரியே இரண்டு முறை படித்தாள்.

"இதுதான் அவரோடதுன்னா... அந்தத் தாள்?"

இசோகிச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிழவர் கிண்டல் பண்றார்னு நெனச்சேன் ஓரியேம்மா. அதான் அன்னிக்கு வாயைத் திறக்கல. இந்த உறையைக் குடுத்தப்ப சொன்னார். 'என்னோடது முடிஞ்சுது, இசோ. நாளைக்கு மருமகளோடதை ஆரம்பிக்கணும். ரெண்டு அடி போதும். மூணாவது அவகிட்டயே இருக்கு. கேட்டா தரமாட்டா. பாதியில விட்டுட்டுப் போனா, அவளே வந்து எழுதுவா.'"